தெளிவாகச் சொல்வது என்றால்

அப்பா,

மீன் குழம்பு அடுப்படியில். சாவி அங்கம்மா அக்காவிடம்.

நேற்று மாப்பிள்ளை வீட்டாரிடம், "பாக்கலாங்க, புள்ள பி.ஏ. படிச்சிருக்கு, அதான்..." என்று இழுத்தீர்கள். அவர்கள் நீட்டிய வெற்றிலைத் தட்டையும் வாங்கிக்கொண்டீர்கள். அப்புறம் என்னிடம், "தெளிவா வேணாம்னுட்டேம்மா" என்கிறீர்கள்! தெளிவு என்றால் கேட்டவருக்குச் சந்தேகமே மிஞ்சக் கூடாது. அவர்களோ நாள் குறிக்க இன்று மாலை வருவதாக, நீங்கள் காலையில் தோட்டத்தில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனபின் ஆளனுப்பியிருக்கிறார்கள்.

தட்டைத் திருப்பிக் கொடுங்கள். "என் மகளுக்கு விருப்பமில்லை" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது.

புஷ்பவள்ளி

பி.கு.: உங்களுக்கு வாய் வராது, தெரியும். உட்கார வைத்துக் கோப்பி மட்டும் கொடுங்கள். ஆறு மணி ரயிலில் வந்து நானே சொல்கிறேன்.