குருமடத்துக்குப் போகாத மகனுக்கு

ஹுன்னஸ்கிரிய, 1934

மகனே,

நீ சுகமாகத்தான் இருப்பாய். எனக்குத்தான் உடம்பெல்லாம் அசதி. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால், உன்னோடு பயிற்சிக் கல்லூரியில் படிக்கும் மேபல் நம் வாசலில் நிற்கிறாள். கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தாளாம்.

"மாமா, அவரு சாமியாராகப் படிக்க குருமடத்துக்குப் போறாராம். இனிமே நாம பழகக்கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவருக்காக நவநாள் செபம் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

கல்லூரிக்குப் போனதிலிருந்து கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத நீ, ஒரு பெண்ணைக் கழற்றிவிட ஆண்டவரையே சாட்டுக்கு இழுத்துவிட்டாய். மகன் சாமியாராகிறான் என்ற சந்தோசத்தில் உன் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இருந்த ஒரே சேவலும் குழம்பாயிற்று. பொய்யென்று தெரிந்தும் நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவளை பஸ்ஸேற்றப் போகும்போது வாயை அடக்க முடியவில்லை. "குருமடமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அவன் சாமியாரானா நான் பாப்பரசர்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பஸ் படியில் கால் வைத்தபடி சொன்னாள்.

"அத்தைகிட்ட இப்ப சொல்லிடாதீங்க மாமா. பாவம், சந்தோசமா இருக்காங்க."

உன் அம்மா வெள்ளைத் துணி வாங்கி உனக்கு அங்கி தைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. சனிக்கிழமை வந்து நீயே சொல். வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்லுவாள். போடுவதற்கு முன்னால் சொல்லிவிடு.

இப்படிக்கு,
பாப்பரசராக முடியாத
உன் அப்பா