மூளையைக் கேட்ட ஆக்கள்

லண்டன்
12.02.2023

என்ர அன்பான சுசிலா அக்காவுக்கு,

போனில கதைக்கிறதை விட்டிட்டு ஏன் கடிதம் எண்டு யோசிப்பீங்கள். நாங்கள் கதைக்கேக்க றொனால்ட் அண்ணா பக்கத்திலேயே இருக்கிறார். தன்னைப்பற்றின கதை எண்டால் இப்பவும் அவருக்கு விளங்கும்.

மறதி கூடிப்போச்சு அக்கா. சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார். நான்தான் கரண்டியைக் கையில வைச்சுவிட வேணும். அம்மா செத்ததையும் மறந்து சிலநேரம் என்னை அம்மா எண்டு கூப்பிடுறார். டவுன் சின்ட்ரோம் உள்ள ஆக்களில கனபேருக்கு ஐம்பது வயதையொட்டி இந்த மறதி நோய் வருமாம். அதை ஆராயிற ஆக்கள் இறந்தவையின்ர மூளையை வாங்கிப் பாதுகாத்து வைச்சுப் பரிசோதிக்கினம்.

நாலைஞ்சு வருசத்துக்கு முந்தி, அண்ணா நல்லாய்க் கதைச்ச காலத்தில, அவரையும் கேட்டவை. ஒரு தாதி படம் காட்டி விளங்கப்படுத்தினவா. "செத்தாப்பிறகு எனக்கு நோகுமோ?" எண்டு கேட்டார். நோகாது எண்டு அவா சொன்னா. "அப்ப எடுங்கோ" எண்டார்.

இப்ப குடும்பத்தின்ர விருப்பத்தைக் கேட்கினம். அவரை வளர்த்தது நீங்கள். உங்களைக் கேளாமல் நான் ஓம் சொல்லமாட்டன்.

உங்கட தங்கச்சி,
ஆன்சலா

அளம்பில்
05.03.2023

அன்புத் தங்கச்சி ஆன்சலாவுக்கு,

உன்ர கடிதத்தை வாசிச்சிட்டு அடுப்பும் மூட்டாமல் இருந்தனான்.

அவனுக்கு என்ன விளங்கும்? ஐஸ்கிறீம் வேணுமோ எண்டாலும் ஓம் எண்டுவான், ஊசி போடவோ எண்டாலும் ஓம் எண்டுவான். அம்மா கருவாடு விக்கப் போக, இடுப்பில தூக்கித் திரிஞ்சவள் நான். சுனாமிக்குப் பிறகு அம்மாவோட அவனையும் நீ அங்க கூப்பிட்டது நல்லதுக்குத்தான். ஆனால் இதுக்காக நான் அனுப்பேல்லை.

பங்குச் சாமியாரிட்டையும் கேட்டனான். திருச்சபை தடுக்கேல்லை, பிறருக்குச் செய்யிற உதவிதான் எண்டார். சாமியாருக்குச் சரி. எனக்கு மனம் ஏவேல்லை. உன்ர அத்தானை முள்ளிவாய்க்கால்ல ஒரு பிடி மண்கூடப் போடாமல் விட்டிட்டு வந்தனான். தம்பியையாவது முழுசாய் அடக்கம் பண்ண வேணும், பிள்ளை.

வேண்டாம் எண்டு சொல்லிவிடு. என்னோட கோவிக்காதை.

அக்கா சுசிலா

லண்டன்
28.03.2023

அன்புள்ள அக்கா,

கோபம் ஒண்டுமில்லை. நீங்கள் விரும்பேல்லை எண்டு அவையிட்டைச் சொல்லிப்போட்டன். கட்டாயம் இல்லை, மனம் மாறினால் மட்டும் அறிவியுங்கோ எண்டினம். நான் மனம் மாற்ற இதை எழுதேல்லை.

ஒரு சொல்லுக்கு மட்டும் மறுமொழி. ஊசிக்கு அண்ணா ஒருநாளும் ஓம் சொன்னதில்லை. கையைப் பின்னால ஒளிச்சுப்போடுவார். உங்களுக்கும் தெரியும்.

இப்ப நடக்கவும் பயப்பிடுறார். நிலத்தில நிழல் விழுந்தால் பள்ளம் எண்டு நினைச்சு நிண்டுவிடுறார். கையைப் பிடிச்சால் வாறார்.

அன்புடன்,
ஆன்சலா

லண்டன்
19.01.2024

என்ர அக்காவுக்கு,

அடக்கம் முடிஞ்சுது. நீங்கள் வீடியோவில பார்த்ததுதான். அவருக்குப் பிடிச்ச நீலச் சேட்டுத்தான் போட்டுவிட்டனாங்கள். பெட்டி திறந்துதான் இருந்தது. முகத்தில ஒரு அடையாளமும் இல்லை, பார்த்திருப்பீங்கள்.

அண்ணா போயிட்டார் எண்டு போன் எடுத்த அண்டு, நீங்கள் அழுது முடிய, "அவைக்கு அறிவிச்சிட்டியோ?" எண்டு கேட்டீங்கள். ஆருக்கு எண்டன். "மூளையைக் கேட்ட ஆக்களுக்கு" எண்டீங்கள். நீங்கள்தானே வேண்டாம் எண்டனீங்கள் எண்டு சொல்ல, "இப்ப நான்தான் சொல்லுறன், குடு" எண்டிட்டுப் போனை வைச்சிட்டீங்கள்.

உடன அறிவிச்சன். நேரத்துக்கு எடுக்க முடிஞ்சுதாம். நன்றி சொல்லச் சொன்னவை.

அண்டைக்கு எனக்குக் கேட்கத் துணிவில்லை. இப்ப கேட்கிறன். ஏன் அக்கா மனம் மாறினீங்கள்?

ஆன்சலா

அளம்பில்
11.02.2024

என்ர ஆன்சலாவுக்கு,

போனில சொல்ல வெளிக்கிட்டால் அழுகை வந்திடும். எழுதிறன்.

தம்பி போறதுக்குக் கொஞ்சம் முந்தி எங்கட ஒழுங்கைக்குக் கஜனி எண்டொரு பிள்ளை குடிவந்தவள். புருசன் கடல்தொழில். மூண்டு வயது மகள், வினோஜா. றொனால்டைப் போலப் பிள்ளை. அதே கண், அதே கட்டையான விரல்கள். நான் தம்பியை வளர்த்தனான் எண்டு ஆரோ சொல்லக் கூட்டிக்கொண்டு வந்தாள். கதைப்பாளோ, பள்ளிக்கூடம் போவாளோ எண்டு கேட்டாள். போவாள், கதைப்பாள், பிந்தித்தான் வரும் எண்டு தெரிஞ்சதெல்லாம் சொன்னன்.

கடைசியில, "வயசு போனால் எப்பிடி அக்கா இருப்பினம்?" எண்டாள். தேத்தண்ணி போடுறன் எண்டு சொல்லிக் குசினிக்குள்ள போய் நிண்டன். தம்பிக்கு வந்தது இவளுக்கும் வரும் எண்டு அந்தத் தாயிட்டை எப்பிடிச் சொல்லுறது? வராது எண்டு பொய் சொல்லவும் ஏலாது. அங்கதான் எனக்கு விளங்கினது, அவை தம்பியிட்டை ஏன் கேட்டவை எண்டு. அண்டே உனக்குச் சொல்லியிருக்கலாம். உயிரோட இருக்கிறவனை வைச்சு அந்தக் கதை கதைக்க எனக்கு வாய் வரேல்லை.

போன ஞாயிறு அவனுக்குப் பூசை ஒப்புக்குடுத்தன். கஜனியும் பிள்ளையோட வந்தவள். இந்தமுறை மறைக்காமல் தம்பியின்ர கடைசிக் காலத்தைச் சொன்னன். அழுதாள். அவன் குடுத்ததையும் சொன்னன். பிறகு, "அப்ப இதுக்கு ஆரோ வழி பார்த்துக்கொண்டுதான் இருக்கினம்" எண்டாள்.

ஓம் எண்டன்.

அவை ஏதும் கண்டுபிடிச்சால் எனக்கு எழுது. எனக்கு விளங்காட்டிலும் எழுது. கஜனியிட்டைச் சொல்ல வேணும்.

உன்ர அக்கா,
சுசிலா