ஏழுமலை கையில் இருந்த களைக்கொட்டு

மார்கழி. திங்கள். பனி ஜாஸ்தி. முட்டி வலி.

இல்லடி பச்சையம்மா, நான் சிரிக்கல. என் மூஞ்சியே அப்படித்தான். உங்கம்மா செத்த அன்னிக்கும் இதே மூஞ்சிதான், யாரும் கேக்கல. நீதான் "என் புருஷன் ஜெயில்ல இருக்கறதுகூட உனக்கு வேடிக்கையா நைனா?"னு கேட்டுட்டு, நான் வாயைத் தெறக்கறதுக்குள்ள குடத்தைத் தூக்கினு போயிட்ட. பதில் இதுதான். வேடிக்கை இல்ல.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மனதிலேயே வைத்தால், கேட்கிற ஆளுக்குத் தகுந்த மாதிரி மாறிப் போகிறது.

கார்த்திகை. மல்லாட்டை, டவுன்காரன் வேர்க்கடலை என்பது, பாதி பிடுங்கியாச்சு, பாதி இன்னும் கொல்லை நிலத்தில். ஒரு வாரமாகத் திருட்டு, செடியோடு. மாப்பிள்ளை (இனி மாப்.) கோவிந்தன் காவலுக்கு அங்கேயே படுக்கை. நல்லவன். கோபம் வந்தால் காது கேட்காது. அன்றைக்கு விடிந்தபோது பக்கத்துக் கொல்லைக்காரன் ஆடுகள் முள்வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே. பிடுங்கின பக்கத்தில் மேய்கின்றன. நான் பம்பு செட்டு ஓரம், வாயில் வேப்பங்குச்சி. ஏழுமலை வந்தான். கூலிக்காரன், வருஷா வருஷம் பிடுங்கினபின் மண்ணில் தங்கின தப்புக் காய் பொறுக்க வருகிறவன். இடுப்பில் சாக்கு, கையில் களைக்கொட்டு. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து நோண்ட ஆரம்பித்தான்.

மாப். கிணற்றுப் பக்கமிருந்து வந்தான். சாக்கைப் பார்த்தான். தடியை எடுத்தான்.

நான் கத்தினேன். வாய் நிறைய எச்சில், குச்சி. சத்தம்தான் வந்தது, பேச்சு வரவில்லை.

ஏழுமலை நிமிர்ந்து பார்த்து, "ஆடு நிக்குதேனுதாங்க..." என்றான்.

ஒரே அடி.

செவ்வாய். வெயில் லேட்டு.

கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே ஆரம்பம். சாமி எழுந்ததோ இல்லையோ, நான் எழுந்தாச்சு.

டீக்கடை. பெஞ்சில் நாலு பேர், நம்ம வீட்டுக் கதைதான்.

"நம்ம நெலத்துல பூந்தவனை வெத்தலபாக்கு வெச்சா கூப்புடுவாங்க? அடிக்கத்தான் அடிப்பான்."

"அதுக்குன்னு ஒரு சாக்கு மல்லாட்டைக்கு ஒரு உசுராப்பா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "எத்தினி சாக்கு இருந்தா சரினு சொல்லுங்க. ரெண்டு? ஒரு வண்டி? எழுதி வேலியில மாட்டிடலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீக்கடைக்காரன் மட்டும், "பெரியவரே, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. ஏழுமலை இன்னா பண்ணான்?" என்றான். மூக்குப்பொடி மட்டை வாங்க வேண்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். மட்டை இடுப்பிலேயே இருந்தது.

மீதி மல்லாட்டையைக் கூலி ஆள் வைத்துப் பிடுங்கி முடித்தாள் பச்சை. ஆனால் அப்புறம் வழக்கம்போல நம்ம ஆட்டை உள்ளே விடவில்லை.

"கொல்லை வுட்டாச்சானு பொம்பளைங்க கேக்கறாங்கடி."

"இந்த வருசம் கெடையாது. ஒரு காய் மண்ணுல மக்கினாலும் மக்கட்டும். எவளும் உள்ள காலு வெக்கக்கூடாது."

புதன். மழை வருகிற மாதிரி. வரவில்லை.

தேரடிப் பக்கம் வக்கீல் வீடு. பச்சையும் நானும். வக்கீல் ஐயா கீழ்பென்னாத்தூர்க்காரர், சின்ன வயசு, பெரிய கண்ணாடி.

வழக்கத்தைச் சொன்னேன். கொல்லைக்காரன் ஆட்டை விட்டுவிட்டால் அப்புறம் எவன் வேண்டுமானாலும் காய் பொறுக்கலாம், ஏழுமலை ஆட்டைப் பார்த்துத்தான் உள்ளே வந்தான், அது யார் ஆடு என்று பார்க்கவில்லை என்று.

"தெரியும் பெரியவரே, நானும் பொறுக்கித் தின்னவன்தான். கோர்ட்டுல அதை மட்டும் சொல்லிடாதீங்க. அவன் திருடவே வரலைனு ஆயிடும்."

"திருட வந்தா கொல்லலாங்களா?"

"அடிக்கலாம், பிடிக்கலாம். வெறும் திருட்டுக்குக் கொல்ல சட்டம் விடாது. ஆனா நம்ம உசுருக்கே ஆபத்துனு பயந்து அடிச்சு, அதுல எதிராளி செத்துட்டா, அது குத்தம் இல்ல."

"அப்ப மல்லாட்டை பத்தாது. பயம் வேணும்."

"ஆமா."

"மாப்பிள்ளை பயப்படலைங்களே. பயந்தவன் செத்துட்டான்."

பச்சை என் தொடையில் கிள்ளினாள். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டுச் சொன்னார். நான் சொல்ல வேண்டியது ஒரே வரி. ஏழுமலை களைக்கொட்டை ஓங்கிக்கொண்டு வந்தான். கூட இருந்த ஆள் நான் ஒருத்தன்தான். சொன்னால் கேஸ் இங்கே மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிய வழி உண்டு. இல்லாவிட்டால் வேலூர் செஷன்ஸ். அங்கே போனால் ஆயுசு தண்டனையோ, தூக்கோ.

பச்சை அந்தக் கடைசி வார்த்தைக்குத் தலை நிமிரவே இல்லை.

வியாழன். பனி.

சப்-ஜெயிலுக்கு: இட்லி, பொடி, துண்டு, பீடி (பச்சைக்குத் தெரியாமல்).

மாப். இளைத்துவிட்டான். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நான் சாக்கைத்தான் பாத்தேன். ஆளைப் பாக்கல. அவன் கை ஓங்கினானா? நீங்க பாத்தீங்களே, சொல்லுங்க மாமா. ராத்திரியெல்லாம் யோசிக்கறேன், ஞாபகம் வரல" என்றான்.

"பீடி நனையாம வெச்சுக்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பச்சை உரலில் மாவு ஆட்டிக்கொண்டே பாடம் எடுத்தாள்.

"சொல்லு நைனா."

"ஓங்கினு வந்தான்."

"சிரிக்காம சொல்லு."

"சிரிக்கலடி. ஓங்கினு வந்தான்."

"எங்க இருந்து?"

"மண்ணுல இருந்து."

குழவியை நிறுத்தினாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. அழுதிருந்தால் தேவலை. மறுபடி ஆட்டினாள். "எதிர்க்க இருந்துனு சொல்லு."

"எதிர்க்க இருந்து ஓங்கினு வந்தான்." பத்து தரம் சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அவன் ஓங்குவது தெரிய ஆரம்பித்துவிட்டது. சொல்லிவிடுவேன். பெற்ற பெண்ணுக்கு இதுகூடவா?

வெள்ளி. நல்ல வெயில். கோர்ட்டு.

தாழ்வாரத்தில் ஏழுமலை பெண்சாதி. என்னைத் திட்டுவாள் என்று தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். தேடி வந்தாள்.

"தாத்தா, அந்தக் களைக்கொட்டு என்னுதுங்க. அவரு எடுத்துனு போனாரு. கேஸு முடிஞ்சா குடுத்துடுவாங்களா? அது இல்லாம களையெடுக்கக் கூப்புட மாட்டேங்கறாங்க."

பச்சை பக்கத்தில்தான் நின்றாள். கேட்டுக்கொண்டே வேறு பக்கம் பார்த்தாள்.

கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன். சத்தியம் வைத்தேன். நம்ம வக்கீல் கேட்டார். "எதிர்க்க இருந்து ஓங்கினு வந்தான்ங்க" என்றேன். சிரிக்கவில்லை. பிசிறில்லை. பச்சை முகத்தில் ரத்தம் வந்தது. மாப். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்பாடா, ஓங்கினானா, என்கிற மாதிரி.

அப்புறம் சர்க்கார் வக்கீல் எழுந்தார். சீட்டு கட்டின களைக்கொட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "எப்படிப் புடிச்சிருந்தான்? காட்டுங்க."

ஒரு சாண் பிடி. தேய்ந்து வழவழவென்று. ஏழு வயசிலிருந்து பிடிக்கிற சாமான். நின்றுகொண்டு யாராவது களைக்கொட்டு பிடிப்பார்களா? கைக்கு வந்ததும் கால் தானாக மடங்கிவிட்டது. குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இடது கை தரையில் காய் தடவுகிறது. அங்கே ஏது காய், பலகைதான். எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

கூண்டு மறைப்பில் நான் யாருக்கும் தெரியவில்லை. மாஜிஸ்திரேட் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். கோர்ட்டே சிரித்தது. "பெருசு ஆரம்பிச்சுடுச்சு" என்று பின்னால் யாரோ. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை.

"அவர் அப்படித்தான் இருந்தாரா?"

எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி விடவில்லை. கீழேயிருந்தே, "ஆமாங்க" என்றேன்.

"ஓங்கினாருன்னு சொன்னீங்களே?"

வாயில் குச்சி இல்லை, எச்சில் இல்லை. அன்றைக்கு மாதிரியே பேச்சு வரவில்லை. ஒரு போலீஸ்காரர்தான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

வேலூர் செஷன்ஸுக்கு அனுப்பியாச்சு. அங்கேயும் என்னைத்தான் கூப்பிடுவார்களாம். அதே களைக்கொட்டு. அதே கால்.

சனி. மேகம்.

பச்சை சோறு வைத்தாள். வைத்த சத்தம்தான்.

வக்கீல் ஐயா சொல்லியனுப்பினார், வேலூரில் வேறு மாதிரி பார்க்கலாமாம். எந்த மாதிரி என்று சொல்லவில்லை. குளிருக்கு மாப்பிள்ளைக்குக் கம்பளி அனுப்ப வேண்டும். மலை சுற்றுகிற கூட்டம் காலையில் கொஞ்சம். ஒருத்தர் தண்ணீர் கேட்டு, குடித்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சரிங்க.

மத்தியானம் பச்சை முறத்தில் விதை மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். பார்க்கவில்லை.

"நான் சொல்லணும்னுதான்டி போனேன். சொல்லியும் புட்டேன். நீ கேட்ட இல்ல? அந்தச் சனியனைக் கையில குடுத்ததும்..."

சொத்தைக் காய் ஒரு பக்கம், நல்ல காய் ஒரு பக்கம்.

"பொய் சொல்லக்கூடாதுனு இல்ல பச்சை. உனக்காக எத்தினி வேணா சொல்லுவேன். வாய் என் பேச்சைக் கேக்குது. காலு கேக்கல. வேலூர்ல நின்னுக்கினே இருக்கணும்னா, யாராவது என்னைப் புடிச்சுக்..."

முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். தொழுவத்துக்குப் போனாள். ஆடுகளை அவிழ்த்தாள், எல்லாவற்றையும். கொல்லைப் பக்கம் ஓட்டுகிறாள்.

"அடியே, கொல்லையை வுடறியா? பச்சை, நில்லு. இன்னும் முடிக்கல. ஏழுமலை என்னைப் பாத்துத்தான்டி சொன்னான், ஆடு நிக்குதேனு..."