அக்காவின் கழுத்துக் கட்டி

மார்ச் 4

இன்று வந்த கண்ணாடித் தகடுகளில் ஒன்று அக்காவுடையது. கழுத்துக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல்கள். வருடக்கணக்காக மைக்ராஸ்கோப்பில் பிறத்தியார் செல்களைப் பார்த்துப் பிழைக்கிறவள் நான். காலை முழுக்க இதையே பார்த்தேன். புற்றா, சாதாரணக் கட்டியா, சொல்ல முடியவில்லை. இந்த வகையில் இரண்டுக்கும் செல் ஒரே மாதிரிதான் இருக்கும். கட்டியைச் சுற்றி ஓர் உறை உண்டு. செல்கள் அதைத் தாண்டியிருந்தால் புற்று, இல்லையென்றால் இல்லை. அதைப் பார்க்கக் கட்டியையே வெட்டி எடுக்க வேண்டும். வெட்டினால் குரல் போகலாம். அக்காவுக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பு வேலை. குரல்தான் அவளுக்குச் சோறு போடுகிறது.

மார்ச் 5

அக்காவிடம் "தெரியலை" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். "சரி, புரிஞ்சுது" என்றாள். என்ன புரிந்தது?

மார்ச் 8

அக்கா வீட்டுக்காரர், மாமா, போன் செய்தார். அக்கா தன் நல்ல உடுப்பையெல்லாம் மகளுக்கு எடுத்து வைக்கிறாளாம். "கூடப் பிறந்தவளே சொல்ல மாட்டேங்கிறா, அப்போ முத்திப்போச்சு"ன்னு அழறாளாம்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஒண்ணுமில்லைன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா நிம்மதியா தூங்கியிருப்பா. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னா மறைக்கிறேனாம். மனுஷங்களை என்னதான் செய்றது? ஒரு செல்லை நானூறு மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறோம். அது நாளைக்கு என்ன செய்யும் என்று கேட்டால் கையை விரிக்கிறோம். கேட்கிறவர்களுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 9

மாமாவிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் என்ன செய்வார்.

மார்ச் 11

அக்காவை ஆய்வகத்துக்கே இழுத்து வந்தேன். இரண்டு பேர் ஒரே தகட்டைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் ஒன்று இங்கே உண்டு. சந்தேகம் வந்தால் நானும் துறைத் தலைவரும் — எங்களுக்கெல்லாம் 'பெரியவர்' — எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவோம். அக்காவைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். பெரியவரைக் கூப்பிட்டேன்; தகடு யாருடையது என்று அவரிடம் சொல்லவில்லை.

"இதோட மூஞ்சியே எனக்குப் பிடிக்கலை" என்றார் பெரியவர்.

"மூஞ்சிய வச்சு புற்றுன்னு எழுத முடியாது சார்."

"அப்போ நல்லதுன்னு எழுது."

"அதுவும் முடியாது."

வெகுநேரம் இப்படியே. கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியலைம்மா."

வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் நிஜமாவே தெரியலைடி."

"அதைத்தானே ஒரு வாரமா சொல்றேன்."

"வண்டி எப்போ வரும்னு எனக்கே தெரியாதப்போ, நான் மறைக்கிறேன்னு ஜனங்க திட்டுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதையே நான் உங்கிட்ட பண்ணியிருக்கேன்." கொஞ்சம் நடந்த பிறகு, "வெட்டிடலாம். குரல் போனா டிக்கெட் கொடுக்கிற வேலை கேட்டுக்கறேன்" என்றாள்.

மார்ச் 20

ஆபரேஷன் முடிந்தது. பேசக் கூடாதாம். சைகையிலேயே மாமாவைத் திட்டுகிறாள்.

மார்ச் 27

கட்டியை மெல்லிசாகச் சீவி உறை முழுக்கப் பார்த்தோம். ஓரிடத்தில் மட்டும் செல்கள் உறைக்குள் பாதி புகுந்து நிற்கின்றன. தாண்டவுமில்லை, ஒதுங்கவுமில்லை. பெரியவர் எவ்வளவோ நேரம் பார்த்துவிட்டு, 'உறுதியாகக் கூற இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மேசையை ஓர் உதை விட்டேன். கால்தான் வலித்தது.

சாயங்காலம் அக்கா வீட்டில் போய்ச் சொன்னேன். மாமா எகிறினார். "வெட்டி எடுத்தும் தெரியலையா? இவ என்னமோ மறைக்கிறா. வேற இடத்துல காட்டலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா பேசி இன்றுதான் கேட்கிறேன். கரகரவென்று, ஆனால் அவள் குரல்தான்.

"அவளுக்குத் தெரியலைன்னா தெரியலைதான். விடுங்க."

மாமா விட்டுவிட்டார். எனக்குத்தான் விட முடியவில்லை. நாளைக்கு அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் சீவிப் பார்க்க வேண்டும்.