மேடைக்கு முதுகு காட்டி நிற்பவன்

நேற்றுக் காலை தாம்பரத்தில் மின்ரயிலுக்காகக் காத்திருந்தபோது, சற்றுத் தள்ளி நின்ற ஒருவரின் கைப்பேசியில் நீ கை அசைத்தாய். ஒலி இல்லை. மூன்று கிதார்க்காரர்கள் நிற்கும் மேடை, அதை நோக்கிய ஆயிரக்கணக்கான பின்னந்தலைகள், அவற்றின் நடுவே மேடைக்கு முதுகு காட்டித் திரும்பி நிற்கும் ஒரே முகமாக நீ. உன் வலக்கையில் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை. இந்த ஆண்டுக் கச்சேரிக்கான விளம்பரம் அது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆனாலும் ஊரெல்லாம், யார் யார் உள்ளங்கையிலோ, நாள் முழுவதும் நீ திரும்பிக்கொண்டே இருக்கிறாய்.

அந்தக் கைக்குட்டையின் பொருள் நம் இருவருக்குத்தான் தெரியும். படப்பைப் பேருந்தில் ஜன்னல் வழியாக அதை எறிந்து இருக்கை பிடிப்பவன் நீ. அந்த மூவர் முதன்முதலாக நம் கல்லூரி விழாவுக்கு வாசிக்க வந்த அன்று, பிற்பகல் இரண்டு மணிக்கே இடப்பக்க ஒலிபெருக்கிக்கு எதிரே புல்லில் அதை விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தாய். மூத்த மாணவன் ஒருவன் அதன்மேல் உட்காரப் போனான்.

"அண்ணா, ஆள் வருது."

"எங்கடா ஆளு?"

"கர்சீப் கீதுல்ல? அப்போ ஆளும் கீது."

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். மாலையில் முதல் தந்தி அதிர்ந்தபோது உன் சட்டைப் பொத்தான் துடிப்பதைத் தொட்டுக் காட்டி, பாட்டு காதில் விழவில்லை, இங்கேதான் அடிக்கிறது என்றாய். அதற்குப் பிறகு அவர்கள் சென்னையில் எங்கே வாசித்தாலும் இடப்பக்க ஒலிபெருக்கிதான் நம் முகவரி. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் நீ கைக்குட்டையைத் தூக்கி அசைப்பாய். இடம் பத்திரம், இங்கே இருக்கிறேன் என்று அர்த்தம். நான் என்னுடையதை அசைப்பேன். பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். குழு கலைந்து, நமக்குத் தலை நரைக்கும்வரை அதற்கு வேறு அர்த்தம் தேவைப்படவில்லை.

சென்ற ஆண்டு அந்த மூவரும் நரைத்த தலைகளோடு மீண்டும் ஒன்றுகூடி, வண்டலூரைத் தாண்டிய ஒரு திறந்தவெளியில் வாசிக்க வந்தார்கள். வாயிலில் தண்ணீர்ப் புட்டிகளைப் பிடுங்கி ஒரு தொட்டியில் போட்டார்கள். நான்கு மணி வெயில். கைக்குட்டையை விரிக்க நீ தரையைத் தேடினாய். தரையே இல்லை, கால்கள்தான் இருந்தன. இரண்டாவது பாட்டு முடிந்ததும் என் தோளைத் தட்டினாய்.

"தொண்ட காயுது மச்சான், தண்ணி வாங்கினு வா. எடத்த நான் பாத்துக்கிறேன்."

தண்ணீர் விற்ற இடம் மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. புட்டியோடு திரும்பியபோது கூட்டம் இறுகியிருந்தது. உள்ளே நுழைய முடியவில்லை. இருபது வரிசைக்கு அப்பால் உன் கைக்குட்டை எழுந்தது. நான் என்னுடையதை அசைத்தேன். நீ மறுபடி அசைத்தாய். நானும் சிரித்துக்கொண்டே மறுபடி அசைத்தேன். மேடையில் கிதார்க்காரர் ஒருவர் உன் கையைப் பார்த்துத் தலை தாழ்த்தி வணங்கினார். கைக்குட்டை இறங்கியது. கை வலித்திருக்கும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று பாட்டுகள் வாசித்தார்கள். நான் கேட்டேன், ரசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். வழி கிடைத்து வந்து சேர்ந்தபோது உன்னைச் சுற்றி ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அன்றைக்கு முதன்முறையாகத் தரை தெரிந்தது. ஆம்புலன்ஸ் வரவேண்டிய வாயிலை மறித்து விருந்தினர்களின் கார்கள் நின்றன. அவற்றை எடுக்கச் சொன்னபோது, கையில் வயர்லெஸ் வைத்திருந்தவன் பதற்றமே இல்லாமல் சொன்னான்: "கொஞ்சம் கோ-ஆபரேட் பண்ணுங்க சார். ஷோ நடக்குது."

வெயில்கூட அப்போது இறங்கியிருக்கவில்லை.

விளம்பரம் வந்த பிறகு, அதை நீக்கச் சொல்லி, கச்சேரி நடத்திய நிறுவனத்துக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். முதல் கடிதத்துக்கு, என் கச்சேரி அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி தெரிவித்தார்கள். இரண்டாவதற்கு ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், அந்த ஷாட்ல ஒரு ஃபீல் இருக்கு சார். அவர் எவ்ளோ என்ஜாய் பண்றார் பாருங்க."

அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்றேன். விசைப்பலகையில் எதையோ தட்டிக்கொண்டார். மூன்றாவது கடிதத்துக்கு, குடும்பத்தார் எழுத்தில் கேட்டால் நீக்குவதாகப் பதில் வந்தது.

குடும்பம் என்றால் உன் மனைவிதான். அவர் ஏற்கெனவே என்னை அழைத்திருந்தார். அந்தக் காட்சியைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருக்கிறாராம். தினமும் காலையில் பார்க்கிறாராம். "கடைசியில சந்தோஷமாத்தானே இருந்தாரு, அண்ணா? சிரிக்கிறாரு பாருங்க" என்றார். ஆமாம் என்றேன். நான் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவன். உன் வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். உன் கண்கள் என்னைத் தேடுகின்றன. கடைசி விநாடியில் படத்தின் கீழ் ஓரத்தில் வெள்ளைக் கைக்குட்டையுடன் இன்னொரு கை எழுகிறது. அதை நீக்கச் சொன்னது உனக்காகவா, அந்தக் கைக்காகவா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உன் மனைவி அழவில்லை. கைப்பேசியை எடுத்து அந்தக் காட்சியை ஓடவிட்டு, முடியும் இடத்தில் நிறுத்தி, கீழ் மூலையில் விரல் வைத்தார்.

"இது உங்க கையா, அண்ணா?"

"ஆமாம்மா."

வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு பேனா கேட்டார். நீக்கக் கோரி நான் எழுதிக்கொண்டு போயிருந்த கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது என்னை நிமிர்ந்து பார்க்காமல், "தண்ணி வாங்கிட்டுத்தானே வந்தீங்க?" என்றார். வாங்கிக்கொண்டுதான் வந்தேன் என்றேன். தன் கைப்பேசியில் இருந்த காட்சியை என் எதிரிலேயே அழித்தார். இனி காலையில் அவர் எதைப் பார்ப்பார் என்று நான் கேட்கவில்லை.

கடிதம் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்று வரை நீக்கவில்லை. நீக்கும்வரை எழுதுவேன், அந்த வாயிலை மறித்து நின்ற கார்கள் யாருடையவை என்பதையும் அவர்கள் எழுத்தில் தரும்வரை எழுதுவேன். எனக்கு அவசரமில்லை.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். கூட்டத்தில் எந்தக் கை உயர்ந்தாலும் நான் இப்போது பதிலுக்குக் கை அசைப்பதில்லை. எழுந்து அங்கே போகிறேன். பெரும்பாலும் யாரோ யாரையோ சும்மா கூப்பிட்டிருப்பார்கள். மன்னிப்புக் கேட்டுத் திரும்பிவிடுகிறேன்.

நேற்று நடைமேடையிலும் அப்படித்தான். நீ திரையில் கைக்குட்டையை உயர்த்தியதும் இடையில் நின்ற இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போயிருக்கிறேன். கைப்பேசிக்காரர் சற்றே பின்வாங்கி, "இன்னா சார், இன்னா வேணும்?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது. என் பையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்து, மூடியையும் திறந்து, அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன்.