கரண்டி நுனியில் ஒரு சொட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நெஞ்செரிச்சல். தொண்டை வரைக்கும் புளித்துக்கொண்டு ஏறுகிறது. காரத்தை விட்டாயிற்று, காபியை விட்டாயிற்று, பொரித்ததைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. அப்புறமும் ஏன்? தொழிற்சாலை கேன்டீனில் ஊருக்கே ஆக்கிப் போடுகிற எனக்கு ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடக் கொடுத்து வைக்கவில்லை.

மார்ச் 5

டாக்டர் சொன்னது: மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதி பழக்கத்தில் இருக்கிறது. சீக்கிரம் சாப்பிடு, சாப்பிட்டதும் படுக்காதே, இடுப்பில் இறுக்கிக் கட்டாதே, கட்டிலின் தலைமாட்டை உயர்த்து. "அப்படியும் கேக்கலைன்னா, அடுப்படி வேலையை விடுறதைப் பத்தி யோசிங்கம்மா" என்றார்.

வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். "விட்டுடேன், வீட்டுல இரு."

வீட்டில் இருந்து? சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? எனக்குத் தெரிந்தது சமையல் ஒன்றுதானே.

மார்ச் 9

கட்டில் காலுக்குச் செங்கல் வைத்தோம். "ராத்திரி பூரா சறுக்கிட்டே இருந்தேன்" என்கிறார் இவர்.

மார்ச் 16, திங்கள்

ஒன்றும் புரியவில்லை. நேற்று லீவு, வீட்டில் இருந்தேன், எரிச்சலே இல்லை. இன்று கேன்டீனில் பதினோரு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. அடுப்புச் சூடா? நின்றுகொண்டே இருப்பதா? இல்லை, நாள் பூராவும் பக்கத்தில் நின்று காய் நறுக்குகிற நாத்தனார் முகத்தைப் பார்ப்பதாலா? அவளைக் கேன்டீனில் சேர்த்துவிட்டதே நான்தான். யாரை நொந்துகொள்ள.

மார்ச் 19

டாக்டரிடம் நாத்தனார்தான் துணைக்கு வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்டால்தானே.

"காலைலேருந்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல சார். வெறும் வயிறு."

"அண்ணி, ருசி பாத்தீங்களே" என்றாள் இவள்.

"அது சாப்பாடாடி?"

அவள் விடவில்லை. சூப்பில் உப்புக்கு, புளிப்புக்கு, கடைசியாக ஒரு தரம். இறைச்சி வெந்ததா என்று மூன்று துண்டு, அதுவும் கொதிக்கக் கொதிக்க. தக்காளிச் சாறு தனி. "நீங்க ருசி பாக்குறதே ஒரு ஆள் சாப்பாடு அண்ணி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் நான் பொய் சொல்லவில்லையே! ருசி பார்ப்பதை எந்தச் சமையல்காரி சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பாள்?

"இனிமே வேற யாராவது ருசி பாக்கட்டும்" என்றார். யார்? அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

மார்ச் 20

ருசி பார்க்காமல் சமைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிற மாதிரி. முடியல. ரெண்டு தரம் திருட்டுத்தனமா நக்கிட்டேன். எரிஞ்சுது.

மார்ச் 23

கரண்டியை அவளிடம் நீட்டினேன். வேறு வழியில்லை. நாக்கில் வைத்துக் கண்ணை மூடினாள். என்னைக் கேலி பண்ணுகிறாளோ என்று தோன்றியது.

"உப்புப் பத்தல அண்ணி."

எனக்கா பத்தாது? இந்தக் கைக்கா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு உப்பைப் போட்டேன். மத்தியானம் எல்லோரும் வழக்கம்போல வந்தார்கள், சாப்பிட்டார்கள், தட்டை வழித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நின்று அழுதேன். சொதப்பியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அப்போ இத்தனை வருஷம் நான் எதுக்கு?

மார்ச் 28

நெஞ்சு சும்மா இருக்கிறது. நம்பப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 2

பரிமாறி முடிக்கும்போது வயிற்றுக்குள் என்னவோ பண்ணியது. எரிச்சல் இல்லை, வேறு ஏதோ. மறுபடியும் புதிதாக என்ன வியாதி என்று பயந்து நாத்தனாரிடம் சொன்னேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"பசி அண்ணி. உக்காருங்க."

தட்டு வைத்துப் பரிமாறினாள். கேன்டீனில் நான் உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. பாதிச் சாப்பாட்டில், "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள். குரலில் கொஞ்சம் பயம் இருந்தது.

உப்பை நான் கவனிக்கவே இல்லை. இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.