முயலுக்கு வாங்கிய கீரை

ஜூன் 9

காலை: டீ, ரஸ்க் இரண்டு. மதியம்: டீ, ரஸ்க் மூன்று. இரவு: பன் ஒன்று, டீயில் நனைத்து.

இது இந்த டைரிக்கு மட்டும். வகுப்பில் கொடுக்க வேண்டிய உணவுப் பதிவேட்டில் இன்றைக்கு நான் எழுதியிருப்பது வேறு: காலையில் அவித்த முட்டை, மதியம் சோறு, பருப்பு, கீரை, மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரவில் காய்கறியும் ஒரு துண்டு பப்பாளியும்.

நான் உணவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறேன். ஊரில் உள்ளவர்கள் என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிச் சம்பாதிக்கப் போகிறவள். ஊருக்குத்தான் உபதேசம். அவரவர் கைக்காசில் மூன்று வாரம் என்ன சாப்பிடுகிறோம் என்று தினமும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் மேடம். கைக்காசு இருக்கிறவர்களுக்குச் சரி. என்னுடையது அம்மா சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்து அனுப்புவது. வாடகையும் பஸ்ஸும் போக மிஞ்சுவதற்கு ரஸ்க்தான் வரும். அதையும் எழுதிக் கொடுத்து மானத்தை வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஜூன் 11

இன்று பதிவேட்டில் மறுபடியும் பப்பாளி சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

ஜூன் 17

அம்மா போன் செய்தாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா. நீ?"

"நானும் சாப்பிட்டேன்."

வைத்துவிட்டோம். எங்கள் இருவருக்கும் ரீசார்ஜ் காசு வீணாவது பிடிக்காது.

ஜூன் 30

வினை. மகா வினை.

மேடம் என் பதிவேட்டை வகுப்பில் சத்தமாக வாசித்தார். "இவ்ளோ கம்மி செலவுல எவ்ளோ அழகா சாப்பிட்டிருக்கா பாருங்க!" கைதட்டல் வேறு. நோட்டீஸ் போர்டில் குத்தியாயிற்று. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று என் பப்பாளியைப் படிக்கிறார்கள்.

அறைத்தோழி தூங்குமூஞ்சிக்கும் சேதி எட்டிவிட்டது. பகலில் பதினோரு மணிக்கு எழுகிறவள், இதற்கு மட்டும் எட்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்திருந்தாள். "நம்ம ரூம்ல பப்பாளி எப்படி வந்துச்சு? நான் பாக்கவே இல்லையே?"

"நீ தூங்கிட்டு இருந்தே."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருக்கும்," என்று மறுபடி படுத்துக்கொண்டாள். நல்ல பிள்ளை.

ஜூலை 3

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என்னுடையது மூன்று வாரம் ஓடியது. இன்றைக்கு முடிந்தது.

செய்முறை வகுப்பில் ரத்தச் சோதனை. ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருவர் விரலை ஒருவர் குத்தி, ரத்தத்தில் எவ்வளவு ஹீமோகுளோபின் இருக்கிறது என்று கையடக்க மெஷினில் பார்க்க வேண்டும். பன்னிரண்டு இருந்தால் நல்லது. பெயருக்கு நேராக எண்ணைப் போர்டில் எழுதினார் மேடம். வகுப்பிலேயே கடைசி, அருமையாகச் சாப்பிடுகிற நான். 8.7.

"மெஷின் கோளாறு மேடம்."

"இன்னொரு விரலைக் காட்டு."

8.6.

எல்லோரும் போன பிறகு மேடம் நோட்டீஸ் போர்டிலிருந்து என் பதிவேட்டைக் கழற்றி எடுத்து ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மூணு வாரம் சமைச்சிருக்கே. ஒரு பக்கத்துல எண்ணெய்க் கறை இல்ல. ஒரு நாளும் அடிப்பிடிக்கல. ஒரு நாளும் நேத்து மிச்சத்தைச் சாப்பிடல. நெஜமா சாப்பிடற எவளும் இப்படி எழுத மாட்டா. முதல்லயே கவனிச்சிருக்கணும், என்னையும் ஏமாத்திட்டே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், பிடிபட்டேன்.

அடுத்ததுதான் இடி. அக்டோபரில் ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் ஆறு மாதப் பயிற்சி. மாதாமாதம் சம்பளம், மதியச் சாப்பாடு இலவசம். அதற்குத்தானே நான் இந்தப் படிப்பையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்! அங்கே எட்டு மணி நேரம் நிற்க வேண்டுமாம். பதினொன்றுக்குக் கீழே இருப்பவர்களை எடுக்க மாட்டார்களாம். செப்டம்பர் 12-இல் மறு சோதனை.

"இந்த நோட்டுல எழுதினதை எல்லாம் சாப்பிட்டுட்டு வா. அதே காசுல. நெஜமா சாப்பிடறதைத் தெனமும் புது நோட்டுல எழுதிக் கொண்டா," என்றார் மேடம். கல்லூரி மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக்கொள்ள ஒரு சீட்டும் தந்தார்.

ஜூலை 5

பப்பாளி விலை கேட்டேன். கேட்டதோடு சரி. என் பொய் எனக்கே கட்டுப்படியாகவில்லை.

காய்கறிக் கடை அக்கா முள்ளங்கியின் இலையை வெட்டி வெட்டிக் கூடையில் எறிந்துகொண்டிருந்தார். அத்தனையும் சத்து. போன செமஸ்டரில் அதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். கேட்கத்தான் வாய் வரவில்லை. குப்பைக்குப் போவதை எனக்குக் கொடு என்று எப்படிக் கேட்பது?

"அக்கா, அந்த எலை வேணும்... வீட்டுல முயல் வளக்கறேன்."

ஒரு பை நிறைய அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு பொய்யிலிருந்து எழுந்து நேராக இன்னொரு பொய்யில் போய் விழுந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூலை 6

எங்கள் அறையில் இருப்பது ஒரு கெட்டில், ஒரு மின்சார அடுப்பு, மூடி இல்லாத ஒரு பாத்திரம். கெட்டிலில் முட்டை அவித்தேன், வெந்தது. பாத்திரத்தில் கீரை வதக்கினேன். கழுவியது போதவில்லை, நறநறவென்று மண். இரும்புச்சத்து என்று சொல்லிக்கொண்டே விழுங்கினேன்.

ஜூலை 7

தூங்குமூஞ்சி காலையில் டீ போட்டாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டீயில் முட்டை வாடை.

ஜூலை 14

எட்டு நாளாக மாத்திரையை வேளை தவறாமல் டீயோடு சேர்த்து விழுங்கி வந்திருக்கிறேன். இன்றைக்கு நூலகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டியபோதுதான் உறைத்தது. டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது! இது எனக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் பத்துக்கு ஒன்பது வாங்கியிருக்கிறேன் இதே கேள்விக்கு! தாளில் எழுதினேன், வாயில் ஊற்றிக்கொண்டேன். நான் என்ன ஜென்மம்?

நாளையிலிருந்து டீ கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

ஜூலை 15

தலை வெடிக்கிறது.

ஜூலை 16

தூங்குமூஞ்சியோடு சண்டை. அவள் உறிஞ்சுகிற சத்தம் பொறுக்காமல் மாடிப்படியில் போய்க் குடி என்றேன். "டீ இல்லாம உனக்குப் பேய் பிடிச்சிருச்சுடி," என்றாள். பேய்க்காவது பசிக்காது.

ஜூலை 22

அக்காவுக்கு முயல் மேல் அக்கறை கூடிவிட்டது.

"எப்படி இருக்கு உன் முயல்?"

"கொஞ்சம் எளைச்சிருக்குக்கா."

"ஒண்ணா, ரெண்டா?"

இப்போதெல்லாம் நான் சமைத்தால் தூங்குமூஞ்சியும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாள். அரிசிச் செலவு அவளுடையது. எனவே ரெண்டு என்றேன். "ஒண்ணு எப்பப் பாத்தாலும் தூங்கிட்டே இருக்கும்க்கா."

இரண்டு முயலுக்கும் சேர்த்து ஆறு கேரட் விழுந்தது. நுனி உடைந்தவை. அதனால் என்ன, என் பல் உடையவில்லையே.

ஆகஸ்ட் 3

இன்று தோற்றேன். பேக்கரி வாசலைத் தாண்டும்போது கால் தானாக உள்ளே போய்விட்டது. கிரீம் பன் இரண்டு. இரண்டு நாள் முட்டைக் காசு. ருசியாகத்தான் இருந்தது, அதுதான் கோபம். வந்த ஆத்திரத்தில் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மேலாக எடுத்துச் சாப்பிட்டோம். புதுப் பதிவேட்டில் இதை எழுதும்போதே பக்கத்தில் எண்ணெய் பட்டுவிட்டது.

துடைக்கவில்லை. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9

காலை: நேற்றைய சோறு, வேர்க்கடலை. மதியம்: முட்டை, கீரை. இரவு: பருப்பு. மறுபடி பருப்பு. நாளைக்கும் பருப்பு.

ஆகஸ்ட் 18

அக்கா இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டார். தோல் லேசாக வாடியவை. "கீரைக்கு மேல பிழிஞ்சு குடு. சத்து நல்லாப் பிடிக்கும்."

வகுப்பில் சொல்வதும் இதேதான். இந்த அக்காவுக்கு யார் சொன்னார்கள்? அதோடு, முயல் எலுமிச்சை தின்னுமா?

இது போதாதென்று கிளம்பும்போது கூப்பிட்டார். "ஓடு விரிசல் விட்ட முட்டை நாலு கெடக்கு. உன் முயல் முட்டை சாப்பிடுமா?"

"சாப்பிடும்க்கா," என்றேன். வாய் முந்திவிட்டது.

"நல்ல முயல்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு வெங்காயம் நிறுக்கப் போய்விட்டார்.

தெருமுனை வரை வந்த பிறகுதான் எனக்கு முகம் சுட்டது.

ஆகஸ்ட் 29

மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினேன். முன்பெல்லாம் இரண்டாவது மாடியில் செருப்பைச் சரிசெய்வதுபோல் நிற்பேன். மூச்சு வாங்குவதை யாரும் பார்க்கக் கூடாதே.

செப்டம்பர் 11

நாளைக்குச் சோதனை. பயமாக இருக்கிறது. பத்தே முக்கால் வந்தால் என்ன செய்வேன்? ரத்தத்துக்குச் சிபாரிசு செய்ய முடியாதே. தூங்குமூஞ்சி தன் பங்கு முட்டையை என் தட்டில் வைத்துவிட்டு, "ஒரே நாள்ல ஏறாதுன்னு தெரியும். இருந்தாலும் தின்னு," என்றாள்.

செப்டம்பர் 12

11.2.

பதினொன்று புள்ளி இரண்டு! இன்னொரு விரலையும் நானே நீட்டினேன். 11.2.

பயிற்சிப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டார் மேடம். புதுப் பதிவேட்டைக் கொடுத்தேன். கிரீம் பன், அடிப்பிடித்த பருப்பு, மண்ணோடு தின்ற கீரை, எல்லாம் இருந்தது. ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ம், கறை இருக்கு," என்றார். மதிப்பெண் பழைய பொய்க்குப் போட்டதைவிட நாலு குறைவு. போகட்டும்.

நேராகக் கடைக்கு ஓடினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பரவால்லையே. முயலுக்குக் கன்னம் வச்சிருக்கு."

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து தொலைத்தது. கத்திரிக்காய் வாங்க வந்தவர் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

செப்டம்பர் 14

அம்மாவிடம் சொன்னேன். ரீசார்ஜைப் பற்றிக் கவலைப்படாமல் ஒன்பது நிமிஷம் பேசினாள். பிறகு வழக்கமான கேள்வி. சாப்பிட்டியா?

முதல் தடவையாக வரிசையாகச் சொன்னேன், மிச்சச் சோறு உட்பட. சொல்லிவிட்டு, "நீ என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"நானா? காலைல முட்டை. மத்தியானம் சோறு, பருப்பு, கீரை. ராத்திரி ஒரு பழம்."

"நேத்து?"

"நேத்தும் அதேதான்."

"அதுக்கு முந்தின நாள்?"

"அதேதான்டி. தெனமும் நல்லாத்தான் சாப்பிடறேன்."

யோசிக்கவே இல்லை. தடங்கலே இல்லை. ஒரு நாளும் அடிப்பிடிக்கவில்லை, ஒரு நாளும் மிச்சம் தின்னவில்லை. இந்தப் பதிவேட்டை எனக்குத் தெரியும். இதை நானே எழுதியிருக்கிறேன்.

மாதாமாதம் எனக்கு வருகிற பணம் எங்கிருந்து மிஞ்சுகிறது என்று ஒரு நாளாவது கேட்டேனா? பாவி, நான் பாவி.

செப்டம்பர் 26

நான்கு நாள் விடுமுறை. மெஷினை இரவல் கேட்டேன். "எதுக்கு?" என்றார் மேடம். "இன்னொரு நோட்டைத் திருத்தணும் மேடம்." என்னவோ புரிந்ததுபோல் எடுத்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 27

வீடு. அம்மா விரலில் ஊசி இறங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பொத்தான் தைத்துத் தைத்துத் தோல் தடித்துப்போயிருக்கிறது. 8.4.

"மெஷின் கோளாறா இருக்கும்டி," என்றாள்.

"இன்னொரு விரலைக் காட்டு," என்றேன்.

செப்டம்பர் 28

காலையிலேயே எங்கள் தெருக் காய்கறிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் முள்ளங்கி இலையை வெட்டி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வேண்டுமென்று கேட்டேன். அள்ளிப் பையில் திணித்துக்கொண்டே, "ஆட்டுக்காம்மா?" என்றார்.

"இல்லைங்க. எங்கம்மாவுக்கு."